சிம்ஸ் பூங்காவில் நானே பெட்டி

நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவனுக்குச் செல்பேசி காட்டும் நீலப் புள்ளியின் மேல் பெரிய மரியாதை இருக்காது. எனக்கும் இல்லை. தேயிலைச் சரிவுகளில் நிலம் அளக்கும் சங்கிலியை இழுத்துப் பிடித்தவன் நான். எல்லைக்கல் உன் பக்கமா என் பக்கமா என்று இரண்டு பங்காளிகள் கத்திக்கொண்டிருக்க, நடுவில் புலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு நின்றவன். அந்தப் புள்ளி "நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்" என்று சொன்னால், "எத்தனை மீட்டர் முன்னே பின்னே?" என்று கேட்பதுதான் என் வழக்கம்.

கோயம்புத்தூரில் ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி கோடை விடுமுறைக்குக் குன்னூர் வந்தபோது, அந்தப் புள்ளியை நம்பி ஆடும் ஒரு விளையாட்டையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அமெரிக்காவில் இருக்கும் பெரியப்பா மகன் காணொளி அழைப்பில் காட்டியிருக்கிறான். ஜியோகேஷிங் என்று பெயர். யாரோ ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை எங்கேயோ ஒளித்து வைத்து, அந்த இடத்தின் ஆயத்தொலைவை, அதாவது அட்சரேகை தீர்க்கரேகை எண்களை, இணையத்தில் போட்டுவிடுவார். மற்றவர்கள் அந்த எண்களை வைத்துத் தேடிப் போக வேண்டும். பெட்டியைக் கண்டதும் உள்ளே இருக்கும் நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். தேடுவது எவ்வளவு கடினம், நடை எவ்வளவு கடினம் என்று ஒவ்வொரு பெட்டிக்கும் ஒன்று முதல் ஐந்து வரை இரண்டு மதிப்பெண்கள் உண்டு.

இதன் பிறப்புக் கதை எனக்குப் பிடித்திருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை, பொதுமக்களுக்குக் கிடைக்கும் ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. கருவி காட்டும் இடம் நூறு மீட்டர் வரை தள்ளிப்போகும். அந்தக் கலப்பு நின்ற கையோடு, மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் ஒரிகன் மாநிலத்தில் ஒரு வாளியைப் பாதி புதைத்து வைத்து, அதன் ஆயத்தொலைவை இணையத்தில் எழுதினார். சில நாட்களில் மைக் டீக் என்பவர் போய் எடுத்துவிட்டார். வாளிக்குள் புத்தகங்கள், மென்பொருள், ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ். பீன்ஸை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எழுதப்பட்ட விதிகள் அந்த முதல் வாளியையே ஏற்றுக்கொள்ளாது: உணவுப் பொருள் கூடாது, உரியவரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் மண்ணைத் தோண்டிப் புதைக்கவும் கூடாது.

"நாமும் ஒரு பெட்டி வைப்போம் தாத்தா, சிம்ஸ் பூங்காவில்" என்றாள். இடத் தேர்வில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேல் குன்னூரில் கோத்தகிரி சாலையை ஒட்டி, ஒரு பள்ளத்தின் இரு சரிவுகளிலும் இறங்கி ஏறும் 12 ஹெக்டேர் பூங்கா அது. சென்னை அரசின் செயலாளராக இருந்த ஜே.டி. சிம், மேஜர் மர்ரே ஆகியோரின் முயற்சியில் 1874இல் உருவானது. கடல் மட்டத்திலிருந்து 1768 மீட்டரில் தொடங்கி 1798 மீட்டரில் முடிகிறது. முன்பே நின்றிருந்த சோலை மரங்களைச் சுத்தமாக வழித்தெறியாமல், அவற்றின் நடுவிலேயே வெளிநாட்டு மரங்களையும் நட்டு வளர்த்திருக்கிறார்கள். அதனால்தான் நட்டு வைத்த பூங்கா என்ற நினைப்பே அங்கே பாதி இடங்களில் வராது.

பெட்டிக்குத்தான் நான் தலையசைக்கவில்லை. ஆட்கள் வந்து போகும் பூங்காவில், மரப்பொந்துக்குள் யாருடையது என்று தெரியாத ஒரு டப்பா இருப்பதை யாராவது பார்த்தால், அடுத்து வருவது காவல்துறை. அதில் தவறும் இல்லை. போலீஸ் வருவதற்குள் குரங்கு வந்துவிடும் என்பது வேறு விஷயம். அதைவிட எனக்கு முக்கியமானது மரம். பெட்டி வைத்தால் தேடுகிறவர்கள் அடிமரத்தைச் சுற்றிச் சுற்றி மிதிப்பார்கள். பொந்தில் கையை விடுவார்கள். பட்டையை நெம்பிப் பார்ப்பார்கள். வயதான மரத்துக்கு உணவும் நீரும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் மேல்மண்ணில்தான் பரவியிருக்கின்றன. மண் இறுகினால் அவற்றுக்குக் காற்றும் போகாது, தண்ணீரும் போகாது. விளையாட்டின் விதிகளே நிலத்துக்கு உரியவரின் அனுமதி வேண்டும், மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது என்றுதான் சொல்கின்றன.

பெட்டி இல்லாத வகைகளும் இதில் உண்டு. ஓர் இடத்துக்குப் போய், அங்கே இருப்பதைப் பார்த்து, கேள்விக்குப் பதில் கண்டுபிடிப்பது ஒரு வகை. ஒரு இடத்தின் விடை அடுத்த இடத்தின் எண்ணைக் கொடுப்பது இன்னொரு வகை. இரண்டையும் கலந்து, பேத்திக்கும் தெருவில் இருக்கும் அவள் கூட்டாளிகளுக்கும் மட்டும் ஒரு சுற்று அமைக்கலாம், இணையத்தில் போட வேண்டாம் என்று முடிவானது. பூங்கா அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். ஏதாவது வைப்பீர்களா, கட்டுவீர்களா, ஒட்டுவீர்களா என்று கேட்டார்கள். எதுவும் இல்லை என்றேன். பூப்பாத்தியில் பிள்ளைகள் இறங்கக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. உள்ளூர்க்காரர்களுக்குக்கூட நான் சொல்வது இதுதான்: நாலு பிள்ளைகள் செல்பேசியை ஏந்திக்கொண்டு புதர்ப் பக்கம் குனிந்து அலைந்தால் காவலாளி வந்து கேட்கத்தான் செய்வார். முதலிலேயே சொல்லிவிட்டால் அவரே வழி காட்டுவார்.

இனி என் தொழில் சமாச்சாரம்.

ஆயத்தொலைவை இந்த விளையாட்டில் டிகிரியும், நிமிடமும், நிமிடத்துக்கு மூன்று தசம இடங்களுமாக எழுதுகிறார்கள். குன்னூர் இருக்கும் அட்சரேகையில், அந்த மூன்றாவது தசம இடத்தில் ஒன்று மாறினால் தரையில் ஏறத்தாழ 1.8 மீட்டர் மாறும். அதாவது எண் மிகவும் நுட்பமாக இருக்கும். செல்பேசிக்கு அந்த நுட்பம் கிடையாது. வானம் திறந்த வெளியிலேயே ஐந்து மீட்டர் ஆரத்துக்குள் காட்டினால் அது நல்ல செல்பேசி. கிளைகள் கூரை போட்ட மரத்தடியில் பத்து, பதினைந்து என்று நழுவும். செயற்கைக்கோளிலிருந்து வரும் சமிக்ஞை மிகவும் மெலிந்தது. ஈர இலைகள் அதை விழுங்குகின்றன. பருத்த அடிமரங்களில் பட்டு வளைந்து வரும் சமிக்ஞை கொஞ்சம் தாமதமாக வருவதால், கருவி தூரத்தைத் தவறாகக் கணக்கிடுகிறது. போதாக்குறைக்குப் பள்ளத்தின் இரு பக்கச் சரிவும் அடிவானத்தை மறைக்க, தாழ்வாக இருக்கும் செயற்கைக்கோள்கள் கண்ணுக்கே படாமல் போகின்றன. தலைக்கு மேலே குவிந்திருக்கும் சிலவற்றை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் விடை நன்றாக வராது. மழை பெய்து ஓய்ந்த காலையில் பெரிய மரங்களுக்கு அடியில் நின்று பாருங்கள். நீங்கள் அசையாமல் நிற்பீர்கள், நீலப் புள்ளி மட்டும் நடைப்பயிற்சி போகும்.

இதற்குச் சர்வேக்காரன் வைத்திருக்கும் மருந்து பழையது. தெரியாத புள்ளியில் நின்று அளக்காதே, தெரிந்த புள்ளிகளிலிருந்து அளந்து வா. மரத்தடியில் நின்று எண்ணைக் குறிக்கவே கூடாது. வானம் தெரியும் இரண்டு இடங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். குளக்கரை ஒன்று, புல்வெளி ஓரம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் சில நிமிடங்கள் அசையாமல் நின்று, எண் அலைவது அடங்கியபின் குறிக்க வேண்டும். அங்கிருந்து மரத்தின் திசையைத் திசைகாட்டியில் டிகிரியாக எடுங்கள். தாளில் இரண்டு கோடுகளும் வெட்டும் இடம் மரம். இரண்டு கோடுகளும் ஏறக்குறைய செங்குத்தாக வெட்டும்படி இடங்களைத் தேர்வது முக்கியம். சாய்ந்து குறுகிய கோணத்தில் வெட்டினால், திசையில் இரண்டு டிகிரி பிசகு தரையில் பல மீட்டராக நீண்டுவிடும்.

செல்பேசியில் இருக்கும் திசைகாட்டியை அப்படியே நம்ப வேண்டாம். காற்றில் எட்டு எழுதுவதுபோல் செல்பேசியைச் சுழற்றினால் அது தன்னைச் சரிசெய்துகொள்ளும். இரும்பு வேலி, இரும்புக் கால் வைத்த பெஞ்சு இவற்றுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் எத்தனை முறை சுழற்றினாலும் பொய்தான் சொல்லும்.

இன்னொன்று சரிவு. வரைபடத் தூரம் கிடைமட்டத் தூரம். முப்பது டிகிரி சரிவில் வரைபடம் 20 மீட்டர் என்று சொன்னால் கால் நடக்க வேண்டியது 23 மீட்டர். இதைச் சொன்னபோது பேத்தி நம்பவில்லை. சங்கிலியைச் சரிவில் படிக்கட்டு படிக்கட்டாகக் கிடைமட்டமாகப் பிடித்து அளக்கும் முறையை, வீட்டுப் பின்புறத் தேயிலையில் ஒரு நூல்கயிற்றை வைத்துச் செய்து காட்டினேன். அவளுடைய காலடி அளவையும் அங்கேயே எடுத்தோம். சமதளத்தில் ஒரு அளவு, ஏறும்போது ஒரு அளவு, இறங்கும்போது ஒரு அளவு. மூன்றும் மூன்று விதம். எண்களை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். பள்ளியில் கொசைன் வரும்போது இவளுக்குப் பயம் இருக்காது என்று நினைக்கிறேன்.

இத்தனையும் செய்தாலும் கடைசிப் பத்து மீட்டருக்கு எண் உதவாது. அங்கே கண்ணும் மூக்கும்தான் வேண்டும், மரத்தைத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே கேள்விகளை மரத்தைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாதபடி அமைத்தேன். பெயர்ப்பலகையில் இருக்கும் எழுத்துகளை எண்ணச் சொல்வது சுலபம். ஆனால் பலகையை வண்ணம் பூச எடுத்துப்போய்விட்டால் ஆட்டமே நின்றுவிடும்.

முதல் இடம் கற்பூர மரம். சீனா, தைவான், ஜப்பான் பக்கத்து மரம். எண் காட்டும் வட்டத்துக்குள் பச்சையாக நிற்கும் மரங்கள் பல. குறிப்பில் நான் எழுதியது "கீழே விழுந்த இலையை மட்டும் எடுத்துக் கசக்கு" என்பதுதான். பிள்ளைகள் குனிந்து குனிந்து இலைகளை முகர்ந்து போனதைப் பார்த்து, வெளியூர்க் குடும்பம் ஒன்று தாங்களும் முகரத் தொடங்கியது. கடைசியில் சின்னவன் ஒருவன், "ஐயா, கோயில் வாசனை!" என்று கத்தினான். இலையின் அடியிலிருந்து தெளிவாகப் பிரியும் நரம்புகள் எத்தனை என்பது கேள்வி. மூன்று.

இரண்டாவது குவீன்ஸ்லாந்து கௌரி பைன். அரவுக்கேரியா குடும்பம், கம்பம் நட்டதுபோல் நேரே போகும் அடிமரம், செதில் செதிலாக உதிரும் பட்டை. ஊசியிலை மரம் என்றால் ஊசி இலை இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் தேடினார்கள். இதன் இலை அகலமானது, தடித்தது. "இலையில் நடுநரம்பு இருந்தால் 1, இல்லாவிட்டால் 0" என்று கேட்டிருந்தேன். நடுநரம்பு இல்லை. நரம்புகள் எல்லாம் பக்கம் பக்கமாக ஒரே திசையில் ஓடும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது ருத்ராட்ச மரம். பச்சைத் தழைக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவந்த கிழட்டு இலைகள் தெரிந்தால் அதன் பக்கம் போகலாம். பழத்தின் நீலம் பார்க்க வேண்டிய ஒன்று. அந்த நிறம் நிறமியால் வருவதல்ல. தோலுக்குள் இருக்கும் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் தெரியும் நீலம். சதைக்குள் இருக்கும் கொட்டைதான் நாம் மாலையில் பார்க்கும் ருத்ராட்சம். கீழே கிடக்கும் கொட்டையில் எத்தனை முகம் என்று கேட்டேன். ஐந்து முகமே மிகுதி. ஆனால் இயற்கை அளவையர் சொல்லைக் கேட்காது. பேத்தியின் கையில் கிடைத்தது ஐந்து. பக்கத்து வீட்டுப் பையன் ஆறு என்று சத்தியம் செய்தான். சண்டை வந்தது.

இதை எதிர்பார்த்துத்தான் ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். இப்படிச் சுற்று அமைக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியவற்றில் இதுவே உருப்படியானது. சந்தேகத்துக்கு இடமுள்ள விடையை அடுத்த இடத்தின் ஆயத்தொலைவில் கடைசி இலக்கமாக வையுங்கள். சந்தேகமே இல்லாத விடையை முன்னே வையுங்கள். ஐந்து என்றாலும் ஆறு என்றாலும் வித்தியாசம் 1.8 மீட்டர்தான். செல்பேசியின் சொந்தப் பிழைக்குள் அது கரைந்து போகும். அதே விடையை இரண்டு இடம் முன்னால் வைத்திருந்தால் பிள்ளை 180 மீட்டர் தள்ளிப் போய், பூங்கா வேலிக்கு வெளியே கோத்தகிரி பஸ்ஸின் முன்னால் நிற்பான். முன் இலக்கத்துக்கு நான் எடுத்துக்கொண்டது, பூங்காவுக்கு எதிரே இருக்கும் பாஸ்டர் நிறுவனம் தொடங்கிய ஆண்டின் கடைசி இலக்கம். 1907. அது மாறப்போவதில்லை.

சுற்றின் முடிவில் ஒரு பெட்டி வேண்டாமா? பெட்டி இல்லாவிட்டால் பிள்ளைகள் ஒப்புக்கொள்வார்களா? யோசித்துப் பார்த்ததில், பூங்காவில் பெட்டி வைப்பதைத்தான் தடுக்கலாம், நுழைவுச்சீட்டு வாங்கிய ஒரு கிழவன் பெஞ்சில் உட்காருவதை யாரும் தடுக்க முடியாது என்று தோன்றியது. ஆக, பெட்டி நான்தான். கடைசி ஆயத்தொலைவில் இருந்த பெஞ்சில், மடியில் நோட்டும் பேனாவும் துணிப்பையுமாக உட்கார்ந்துகொண்டேன். பெட்டி பேசக் கூடாது என்பது பேத்தி போட்ட விதி.

பெருக்கிக்கொண்டு வந்த பூங்காத் தொழிலாளர் அம்மா ஒருவர் இரண்டு முறை கடந்து போய், மூன்றாவது முறை நின்றுவிட்டார். "என்ன சார், ரொம்ப நேரமாக ஒரே இடத்தில் இருக்கிறீர்கள்? உடம்புக்கு ஏதாவது?"

விதியை மீறிப் பேச வேண்டியதாயிற்று. விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு எனக்குப் பாடம் எடுத்தார். எந்த மரத்தின் கிளை காற்றில் முறியும், எந்தப் பொந்தில் தேனீ இருக்கிறது, மழைக்குப் பின் எந்தப் பாதை வழுக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். "நீங்கள் சொல்லும் மூன்றாவது மரத்துக்கு மேலேயிருந்து வராதீர்கள் சார். கீழ்ப் பாதையில் வந்தால் பிள்ளைகளுக்கு வேர் காலில் தட்டாது." அவர் சொன்ன வழியை அப்படியே சுற்றில் சேர்த்துக்கொண்டேன். எந்தச் செயலியிலும் கிடைக்காத தகவல் அது. இப்படிச் சுற்று அமைப்பவர்கள் செயலியைத் திறக்கும் முன்னால் துடைப்பம் பிடித்தவரிடம் பேசிவிடுவது நல்லது.

பிள்ளைகள் என்னைக் கண்டுபிடித்தபோது, முதலில் வந்தவள் என் பேத்தி இல்லை. ஆறு முகம் என்று சத்தியம் செய்த பையன்தான். நோட்டில் எல்லாரும் பெயர் எழுதினார்கள். பெட்டியில் உணவு கூடாது என்ற விதி மனிதப் பெட்டிக்குப் பொருந்தாது என்று நானே தீர்ப்புச் சொல்லி, துணிப்பையிலிருந்து வர்க்கியை எடுத்தேன். உல்மரின் டின் பீன்ஸ் என்ன ருசியோ தெரியாது, ஊட்டி வர்க்கிக்கு முன்னால் அது நிற்காது. ஆனால் குரங்குகளும் இதே கருத்து உடையவை. பூங்காவைவிட்டு வெளியே வந்தபின் எடுங்கள்.

கிளம்புவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை சில. மே மாதத்தில் பழக் கண்காட்சி நடக்கும் நாட்களில் இதற்கு முயல வேண்டாம். அந்தக் கூட்டத்தில் மரமே கண்ணுக்குத் தெரியாது. வெளி மாவட்ட வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் தேவை. குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழைதான் பலமாக இறங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்றுடன் மழை இருந்தால் பெரிய மரங்களுக்கு அடியில் போகவே போகாதீர்கள். ஒரு மரம் சாய்ந்துவிட்டால் சுற்று அறுந்துபோகாமல் இருக்க, ஒவ்வொரு விடைக்கும் மாற்றாக இன்னொரு கேள்வியைக் கையில் வைத்திருப்பது நல்லது. பூங்காவுக்கு வெளியே தேயிலைத் தோட்டப் பாதைகளில் சுற்றை நீட்ட நினைத்தால் காட்டெருமை நினைவில் இருக்கட்டும். திரையைப் பார்த்துக்கொண்டே நடப்பவன் அதன் முதுகில் போய் முட்டிக்கொண்டால் அதற்குக் காட்டெருமை பொறுப்பல்ல. தொப்பி, காதை மூடும் குல்லாய், செல்பேசி மின்கலம் குளிரில் சீக்கிரம் இறங்கும் என்பதால் ஒரு கூடுதல் மின்கலம், இவை போதும்.

சொந்த நிலத்திலோ, உரியவர் ஒப்புக்கொண்ட இடத்திலோ உண்மையான பெட்டி வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு: இறுக்கமாக மூடும் உலோக டப்பாவோ கெட்டியான டப்பாவோ போதும். உள்ளே என்ன என்பதை வெளியே தமிழில் தெளிவாக எழுதி ஒட்டுங்கள். நோட்டு நனையாமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் உறையில் வைக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால், பென்சிலும் கெட்டியான அட்டை நோட்டும் வைத்து, மூடியில் நல்ல ரப்பர் வளையம் இருக்கும்படி பார்த்துக்கொள்வதே மேல். பேனா மை இந்த ஈரத்தில் கரைந்துவிடும். முறைப்படி பதிவு செய்யும் பெட்டிகளுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. பருவத்துக்கு ஒருமுறையாவது போய்ப் பார்த்து, பூஞ்சை பிடித்த தாளை மாற்ற முடியாதவர்கள் வைக்காமல் இருப்பதே நல்லது. சுற்றுலா வந்தபோது வைத்துவிட்டு ஊருக்குப் போய்விடுகிறவர்களின் பெட்டி மூன்று மாதத்தில் குப்பைதான்.

பேத்தி இப்போது ஊட்டி தாவரவியல் பூங்காவைக் கேட்கிறாள். 1848இல் லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து வந்த மெக்ஐவர் அமைத்த அந்தப் பூங்கா சிம்ஸ் பூங்காவைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. மரங்களும் அதிகம், கூட்டமும் அதிகம். அங்கே 2 கோடி ஆண்டுப் பழமையானது என்று சொல்லப்படும் கல்மரம் ஒன்று கிடக்கிறது. மரமாக இருந்து கல்லாகிப்போனது. அதற்கு என்ன கேள்வி எழுதுவது என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒத்துவரவில்லை. அவள் ஆண்டு வளையத்தை எண்ணச் சொல்கிறாள். வளையம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியுமா என்று நேரில் பார்க்காமல் நான் ஒப்புக்கொள்வதாக இல்லை. காலாண்டு விடுமுறையில் போகிறோம். இந்த முறை பெட்டியாக உட்காரப்போவது அவளுடைய பாட்டி. பேசக் கூடாது என்ற விதியை மட்டும் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறாள்.